சாப்பாட்டு மேசைக் கதை போதுமா?
ஜேனட் ரௌலியின் ஆராய்ச்சி வாழ்வு – ஒரு மதிப்பீடு

புற்றுநோய் ஆராய்ச்சியைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்படும் நூல்களிலும் கட்டுரைகளிலும் ஒரு காட்சி அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஒரு வீடு. நான்கு ஆண் குழந்தைகளின் தாய் ஒருவர், குரோமோசோம்களின் புகைப்படங்களைச் சாப்பாட்டு மேசையின்மேல் பரப்பி, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி ஜோடி சேர்த்துக் கொண்டிருக்கிறார். யாரும் தும்மிவிடக் கூடாது என்று பிள்ளைகளை எச்சரிக்கிறார். காகிதப் பொம்மை வெட்டி விளையாடுவதற்கு அம்மா சம்பளம் வாங்குகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அப்படி வெட்டிக் கொண்டிருந்த ஒரு நாளில் புற்றுநோயின் இரகசியம் அவருக்குப் புலப்பட்டுவிட்டது. பின்னர் ஒரு மாத்திரை வந்தது. கொடிய நோய் ஒன்று அடங்கியது. கதை இவ்வாறு முடிகிறது.

அந்தத் தாய்தான் மருத்துவ மரபியல் அறிஞர் ஜேனட் ரௌலி அம்மையார் (1925–2013). காட்சியில் பொய் ஏதுமில்லை. மேசையும் கத்தரிக்கோலும் உண்மையே. அம்மையாரே பேட்டிகளில் சொன்னவைதாம். ஆயினும் இந்தக் கதையை மட்டும் படிக்கும் மாணவர் ஒருவர் மூன்று தவறான முடிவுகளுக்கு வந்துவிட இடமுண்டு. முதலாவது, பெரிய கண்டுபிடிப்பு அதிர்ஷ்டத்தால் வருகிறது என்பது. இரண்டாவது, அது ஒருவர் கண்ணில் ஒரே கணத்தில் முழுமையாகத் தோன்றிவிடுகிறது என்பது. மூன்றாவது, மருந்து வந்ததோடு அந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்பது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அம்மையாரின் ஆராய்ச்சி வாழ்வை அதன் உண்மையான அளவில் மதிப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் கேள்வியைப் புரிந்துகொள்வோம்

பாடநூல்களில் நிறக்கோல் என்றும் குரோமோசோம் என்றும் வழங்கப்படுவன, உயிரணுவின் உட்கருவில் மரபுச் செய்திகளைத் தாங்கி நிற்கும் இழைகளாகும். மனித உயிரணுவில் அவை 48 என்றே பல ஆண்டுகளாக எண்ணி வந்தார்கள். 1956-ஆம் ஆண்டில்தான் ஸ்வீடனில் லுண்ட் நகரில் ஆய்வு செய்த ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் ஆகிய இருவரும் அவற்றின் எண்ணிக்கை 46 என்று நிலைநாட்டினர். அதாவது, எண்ணிக்கையே சரியாகத் தெரிந்து எழுபது ஆண்டுகள்தாம் ஆகின்றன.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர் ஒரு செய்தியை வெளியிட்டனர். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்பது, எலும்பு மஜ்ஜையில் ஒருவகை வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய். இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் வழக்கத்தைவிட மிகச் சிறிய குரோமோசோம் ஒன்று காணப்பட்டது. அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட புற்றுநோயில் குறிப்பிட்ட ஒரு குரோமோசோம் மாற்றம் தவறாமல் தென்படுவது அதுவே முதல் தடவை.

ஆனால் அது என்ன மாற்றம்? குரோமோசோமின் ஒரு துண்டு ஒடிந்து தொலைந்துபோயிருக்க வேண்டும் என்றே பலரும் கருதினர். இதைவிடப் பெரிய ஐயமும் ஒன்று இருந்தது. புற்றுநோய் அணுக்களில் குரோமோசோம்கள் பலவாறு சிதைந்து கிடப்பதை எல்லோரும் கண்டிருந்தனர். அச்சிதைவு நோயின் காரணமா, விளைவா? புயலில் இடிந்த வீட்டில் ஓடுகள் சிதறிக் கிடக்கின்றன. ஓடுகள் சிதறியதால்தான் வீடு இடிந்தது என்று சொல்லலாமா? குரோமோசோம் மாற்றமே புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று ஜெர்மானிய அறிஞர் தியோடோர் போவெரி 1914-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் கருவியும் முறையும் அப்போது இல்லை. 1960-களிலும் விளைவுதான் என்று எண்ணியவர்களே மிகுதி.

சோதிக்க முடியாமைக்குக் காரணம் எளிது. அக்காலச் சாயங்கள் குரோமோசோம் முழுவதையும் ஒரே சீராக நிறமேற்றின. மடித்து அடுக்கிய ஒரே நிறச் சேலைகளை நீளத்தை மட்டும் வைத்து அடையாளம் காண்பது போன்ற நிலை. ஆகவே குரோமோசோம்களை அளவையும் வடிவையும் கொண்டு ஏழு தொகுதிகளாக மட்டுமே பிரித்தனர். ஒரே தொகுதிக்குள் இருந்த 21-ஐயும் 22-ஐயும் பிரித்தறிவதே கடினம். 1970-ஆம் ஆண்டளவில் ஸ்வீடனில் டோர்ப்யோர்ன் காஸ்பெர்சன், லோரே செக் ஆகியோர் புதிய வழி கண்டனர். மலேரியா மருந்தாகப் பயன்பட்ட குவினாக்ரின் இனத்தைச் சேர்ந்த சாயத்தை ஏற்றிப் புறஊதா ஒளியில் பார்த்தால், ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒளிரும் பட்டைகளும் மங்கிய பட்டைகளும் தனித்தனி வரிசையில் தெரிந்தன. ஒரே நிறமாயிருந்த சேலைகளுக்குக் கரையும் கட்டமும் வந்துவிட்டன!

அதிர்ஷ்டம் தந்த கண்டுபிடிப்பா?

இந்த இடத்தில்தான் மேசைக் கதை தொடங்குகிறது. ஆனால் அம்மையாரின் பயிற்சி அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியது.

நியூயார்க்கில் பிறந்த ஜேனட், 1940-ஆம் ஆண்டில் தம் 15-ஆம் வயதில் உதவித்தொகை பெற்றுச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மருத்துவக் கல்லூரிக்குத் தகுதி பெற்றபோது உடனே இடம் கிடைக்கவில்லை. 65 மாணவர்களைக் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு ஒதுக்கிய இடங்கள் மூன்றுதான், மூன்றும் நிரம்பிவிட்டன. ஆகவே ஒன்பது மாதம் காத்திருந்து அடுத்த வகுப்பில் சேர்ந்தார். 1948-இல், 23-ஆம் வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். மறுநாளே திருமணம். கணவர் டொனால்டு ரௌலியும் மருத்துவ ஆராய்ச்சியாளரே. அதன்பின் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே வாரத்தில் சில நாட்கள் மட்டும் வேலை செய்தார். அவ்வேலைகளில் ஒன்று, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான சிகாகோ மருத்துவ நிலையத்தில் கிடைத்தது. அங்கு வந்த குழந்தைகளில் டவுன் நோய்க்குறி உடையவர்கள் பலர். 1959-இல் பிரெஞ்சு அறிஞர் ஜெரோம் லெழோன் குழுவினர், டவுன் நோய்க்குறிக்குக் காரணம் கூடுதலான ஒரு குரோமோசோம் என்று அறிவித்தபோது, நாள்தோறும் பார்த்துவந்த குழந்தைகளைப் பற்றிய செய்தியாகவே அது அம்மையாருக்குப் பட்டிருக்கும்.

1961-இல் கணவர் ஓராண்டு விடுப்பில் இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றார். உடன் சென்ற அம்மையார் அந்த ஓராண்டையும் வீணாக்காமல், குரோமோசோம்கள் இரட்டிக்கும் முறையைக் கதிரியக்கக் குறியீட்டின் உதவியால் ஆராயும் நுட்பத்தைக் கற்றார். 1962-இல் சிகாகோ திரும்பியதும் இரத்தநோய் அறிஞர் லியோன் ஜேக்கப்சனிடம் சென்று, வாரத்தில் சில நாட்கள் மட்டும் ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டார். ஜேக்கப்சன் அவருக்கு ஒரு நுண்ணோக்கியும் ஆய்வறையில் ஓர் இடமும் ஆண்டுக்கு 5,000 டாலர் ஊதியமும் அளித்தார். பேராசிரியர் பதவி இல்லை, முழுநேர வேலையுமில்லை. எட்டு ஆண்டுகளுக்கு மேல் இரத்த நோயாளிகளின் குரோமோசோம்களை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை.

1970-இல் மீண்டும் ஆக்ஸ்ஃபோர்டு. அப்போதுதான் பட்டைச் சாய முறை பிறந்திருந்தது. அம்மையார் அதைக் கற்றுக்கொண்டு சிகாகோவுக்குத் திரும்பினார். எட்டாண்டுகளாகத் தெளிவின்றிப் பார்த்துவந்த நோயாளிகளின் அணுக்களையே இப்போது புதிய சாயத்தில் பார்த்தார். 1972-இல் கடிய மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளின் அணுக்களில் 8-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் தத்தம் நுனித்துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். அதன் பின்னரே பிலடெல்பியா குரோமோசோமின் புதிர் அவிழ்ந்தது.

இப்போது சொல்லுங்கள்: இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிடலாமா? தம்முடைய வாழ்வை அதிர்ஷ்டம் என்று அம்மையாரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அது அவருடைய அடக்கம். அதை மதிப்பீடாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போக நேர்ந்தது தற்செயல்தான். ஆனால் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கே தற்செயலும் பயன்படும். புதிய சாயத்தைக் கற்றவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். பத்தாண்டுக் காலம் இரத்தப் புற்றுநோயாளிகளின் அணுக்களைப் பார்த்துப் பழகிய கண்ணும், அந்தச் சாயமும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததுதான் இங்கே வேறுபாடு. மேசைக் கதை அந்தப் பத்தாண்டை விழுங்கிவிடுகிறது.

1973-ஆம் ஆண்டுக் கடிதம்

இனி இரண்டாவது தவற்றுக்கு வருவோம். கண்டுபிடிப்பு ஒரே கணத்தில் முழுமையாகத் தோன்றியதா? இதற்கு விடை காணச் சிறந்த வழி, 1973 ஜூன் மாதம் 'நேச்சர்' வார இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையையே எடுத்துப் படிப்பதாகும். கடிதப் பகுதியில் வந்த, சில பக்கங்களே கொண்ட கட்டுரை அது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. அப்போது அவருக்கு வயது 48.

நோய் முற்றிய நிலையில் சில நோயாளிகளுக்குக் கூடுதல் குரோமோசோம்கள் தோன்றுவதுண்டு. அவை எவை என்று அம்மையார் தேடிக் கொண்டிருந்தார். அப்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. குறுகிய 22-ஆம் குரோமோசோம் இருந்த அணுக்களிலெல்லாம் 9-ஆம் குரோமோசோம் ஒன்றின் நீண்ட கரம் சற்றே நீண்டிருந்தது. நீண்ட அளவும், 22-இல் குறைந்த அளவும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே 22-இன் துண்டு தொலைந்துபோகவில்லை; 9-இல் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது அவர் வாதம்.

கட்டுரையின் நடையைக் கவனிக்க வேண்டும். புற்றுநோயின் காரணத்தைக் கண்டுவிட்டேன் என்ற முழக்கம் அதில் எங்குமில்லை. இதுவரை அறியப்படாத ஓர் இடமாற்றம் நிகழ்ந்திருக்கக்கூடும் என்ற அளவில்தான் பேசுகிறது. எந்தச் சாயத்தில் எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று பிரித்துச் சொல்கிறது. கண்ட அளவுக்குமேல் ஓர் அடியும் எடுத்து வைக்காத இந்தக் கட்டுப்பாடே அதன் சிறப்பு.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். துண்டு இடம் மாறியதால் அணு ஏன் கட்டுமீறிப் பெருக வேண்டும்? இந்தக் கேள்விக்கு அக்கட்டுரையில் விடை இல்லை. 1973-இல் விடை காணும் வழியும் இல்லை. இடமாற்றத்துக்கும் இழப்புக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். புத்தகம் பைண்டு செய்யும் இடத்தில் ஒரு நூலின் கடைசித் தாள்கள் கிழிந்து தொலைந்தால் செய்தி குறைந்துபோகும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நூல்களின் கடைசித் தாள்கள் ஒன்றுக்கொன்று மாறித் தைக்கப்பட்டால், ஒரு நூலின் பாதி வாக்கியமும் மற்றதன் பாதி வாக்கியமும் சேர்ந்து, இரண்டிலும் இல்லாத புதிய வாக்கியம் ஒன்று உருவாகிவிடும். அது ஒரு தவறான கட்டளையாகவும் இருக்கலாம். இரத்தப் புற்றுநோயில் நடந்தது இதுவே.

அந்த வாக்கியத்தைப் படித்தவர்கள் வேறு சிலர். 9-ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய ஏபிஎல் என்னும் ஜீன் இந்நோயில் 22-க்குப் பெயர்ந்துவிடுகிறது என்று 1982-இல் தெரிந்தது. நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து கண்டது இது. 22-இல் உடைப்பு நிகழும் இடமான பிசிஆர் 1984-இல் அறியப்பட்டது. இரு ஜீன்களும் ஒட்டி ஒரே கலப்புச் செய்தி உண்டாவது 1985-இல் தெளிவாயிற்று. இக்கலப்பு ஜீனைப் புகுத்திய எலிகளுக்கு அதே போன்ற நோய் வருவது 1990-இல் காட்டப்பட்டது. காரணமா, விளைவா என்ற பழைய வழக்கில் தீர்ப்பு உறுதியானது அப்போதுதான். 1960-இலிருந்து கணக்கிட்டால் முப்பது ஆண்டுகள்!

ஆகவே, ரௌலி அம்மையார் புற்றுநோயின் காரணத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரே வரியில் எழுதுவது அவருக்கும் பெருமை சேர்க்காது. மற்றவர்களுக்கும் நீதி செய்யாது. பிலடெல்பியா குரோமோசோமை முதலில் கண்ட இருவரில் ஒருவரான ஹங்கர்ஃபோர்டு 1993-இல் மறைந்தார். 1998-ஆம் ஆண்டின் லாஸ்கர் விருது ரௌலிக்கும் நோவெலுக்கும், புற்றுநோய் மரபியலில் வேறொரு பாதை அமைத்த ஆல்ஃப்ரெட் நட்சனுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அம்மையாரின் தனிப் பங்கு எது என்று கேட்டால், எங்கே தோண்ட வேண்டும் என்ற இடத்தைக் காட்டினார் எனலாம். ஒரு தடவை அன்று, பல தடவை காட்டினார். 1977-இல் புரோமைலோசைட்டிக் இரத்தப் புற்றுநோயில் 15-க்கும் 17-க்கும் இடையிலான மாற்றத்தை அவரும் அவர் குழுவினரும் அறிவித்தனர். ஒவ்வொரு வகை இரத்தப் புற்றுநோய்க்கும் அதற்கே உரிய மாற்றம் உண்டு என்னும் கருத்து இவ்வாறுதான் வேரூன்றியது. அந்த 1977-இல்தான், தம் 52-ஆம் வயதில், அவர் முழுப் பேராசிரியர் ஆனார்.

மாத்திரையோடு கதை முடிந்ததா?

மூன்றாவது தவறு மிக இனிமையான தவறு. கலப்பு ஜீனிலிருந்து உண்டாகும் புரதம், மூடத் தெரியாத குழாய் போல் ஓயாமல் பெருகு, பெருகு என்ற ஏவலை அணுவுக்கு விடுத்துக் கொண்டிருக்கிறது. அந்தக் குழாயை அடைக்கும் மருந்தே இமாட்டினிப். 1998-இல் முதல் நோயாளிகளுக்குத் தரப்பட்டது. 2001 மே மாதம் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. முன்பு சில ஆண்டுகளில் உயிரைப் பறித்து வந்த நோய் இது. இமாட்டினிப்பைத் தொடக்கத்திலேயே பெற்ற நோயாளிகளில் சுமார் 83 சதவீதத்தினர் பத்தாண்டு கழித்தும் உயிருடன் இருந்ததாக 2017-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இது மகத்தான வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆனால் நோயின் வேர் அழிந்ததா? இங்கேதான் குருத்தணு என்னும் விஷயம் வருகிறது. வாழையில் குருத்து விடுவதுபோல் இரத்தத்துக்கும் குருத்து உண்டு. எலும்பு மஜ்ஜையில் வாழும் சில அரிய அணுக்கள் தம்மையும் புதுப்பித்துக்கொண்டு, சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய எல்லாவற்றையும் உண்டாக்குகின்றன. இத்தகைய அணுக்கள் உண்டு என்பதற்கு 1961-இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னெஸ்ட் மெக்குல்லக் ஆகியோர் எலிகளில் சான்று காட்டினர்.

இரத்தப் புற்றுநோய் இந்தக் குருத்தணுவிலேயே தொடங்குகிறது என்பதற்கு நுட்பமான சான்று ஒன்று 1967-இல் கிடைத்தது. பெண்களின் ஒவ்வோர் அணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றுதான் முழுமையாக வேலை செய்யும். ஜி6பிடி என்னும் நொதியின் ஜீன் எக்ஸில் இருக்கிறது. அதன் இரு வடிவங்களையும் பெற்ற பெண்ணின் உடலில் சில அணுக்கள் ஒரு வடிவத்தையும், மற்றவை வேறு வடிவத்தையும் காட்டும். பிலிப் ஃபியால்கோ என்னும் மருத்துவ மரபியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் இத்தகைய பெண் நோயாளிகளைச் சோதித்தனர். அவர்களுடைய தோல் அணுக்களில் இரு வடிவங்களும் கலந்திருந்தன. இரத்தத்திலோ வெள்ளணு, சிவப்பணு இரண்டிலும் ஒரே வடிவம். அப்படியானால் நோயணுக்கள் அனைத்தும் ஒரே தாயணுவின் வழித்தோன்றல்கள். அத்தாயணு வெள்ளணுவுக்கும் சிவப்பணுவுக்கும் பொதுவான முன்னோர். பெரும்பாலான மேசைக் கதைகளில் இந்த ஃபியால்கோவின் பெயரையே காண முடியாது!

வயலில் கோரை முளைத்த இடத்தைப் பாருங்கள். மேலே உள்ள புல்லை அறுத்தால் வயல் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை கோரை மீண்டும் தலைகாட்டும். இமாட்டினிப் பெருகும் அணுக்களை நன்றாகவே அறுக்கிறது. ஆனால் மஜ்ஜையில் உறங்கிக் கிடக்கும் நோய்க் குருத்தணுக்கள் பல அதற்குத் தப்பிவிடுகின்றன. 2010-இல் பிரான்சில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், நீண்ட காலம் நோயின் அடையாளமே தென்படாதிருந்த 100 நோயாளிகளுக்கு மருத்துவர்களின் கண்காணிப்பில் மாத்திரை நிறுத்தப்பட்டது. ஓராண்டுக்குப் பின்னும் நோய் திரும்பாதிருந்தவர்கள் ஏறக்குறைய பத்துக்கு நால்வர். மற்றவர்களில் பெரும்பாலோர்க்கு ஆறேழு மாதங்களுக்குள்ளேயே திரும்பிவிட்டது. மாத்திரையைத் தொடங்கியதும் மீண்டும் அடங்கியது. (மருத்துவர் சொல்லாமல் எந்த நோயாளியும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.) நோய் திரும்பாதவர்களில் சிலரிடம்கூட அந்தக் கலப்பு ஜீன் மிகச் சிறிய அளவில் இருப்பதை நுண்ணிய சோதனைகள் காட்டியுள்ளன. அது ஏன் முளைக்காமல் கிடக்கிறது என்பது இன்றும் ஆராய்ச்சிக்குரிய கேள்வி.

1977-இல் கண்ட 15–17 மாற்றத்தின் கதையோ வேறு விதமாய் முடிந்தது. சீனாவில் ஷாங்காய் மருத்துவர்கள் வைட்டமின் ஏ இனத்து மருந்து ஒன்றைக் கொடுத்து இந்நோயைத் தணித்ததை 1988-இல் வெளியிட்டனர். அதனோடு ஆர்சனிக் மருந்தும் சேர்ந்தபின், தொடக்கக் கண்டத்தைத் தாண்டிய நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் முழுக் குணம் அடைகின்றனர். இந்த மருந்துகள் அங்கே கிழங்கையும் அழிக்கின்றன. ஒரே அறிஞர் கண்ட இரண்டு மாற்றங்கள்: ஒன்றில் நோய் அடங்கியிருக்கிறது, மற்றதில் வேரோடு போகிறது. இந்த வேறுபாட்டை விளக்காமல் மாத்திரையின் வெற்றியோடு நிறுத்தும் நூல், பாதி உண்மையை மட்டுமே தருகிறது.

கதைகள் விட்டுவிடும் அத்தியாயம்

அம்மையாரின் வாழ்வில் குருத்தணு இன்னொரு விதத்திலும் வருகிறது. பெரும்பாலான கட்டுரைகள் இதைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகத் தள்ளிவிடுகின்றன. இங்கே பேசப்படுவது மஜ்ஜைக் குருத்தணுவன்று. கருவின் மிக ஆரம்ப நிலையிலிருந்து எடுக்கப்படும் கருக்குருத்தணு. மனிதக் கருக்குருத்தணுக்களை ஆய்வறையில் வளர்க்கும் முறை 1998-இல் கிடைத்தது. கருவை அழித்துச் செய்யும் ஆராய்ச்சி முறையா என்ற விவாதம் அமெரிக்காவில் மூண்டது. 2001 ஆகஸ்டு 9-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், அன்றுவரை உருவாக்கப்பட்டிருந்த அணுவரிசைகளைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கு மட்டுமே மத்திய அரசின் பணம் தரப்படும் என்று அறிவித்தார். உயிரியல் அறநெறி பற்றி ஆலோசனை கூற அமைத்த குழுவில் ரௌலி அம்மையாரையும் உறுப்பினராக்கினார்.

அம்மையார் அங்கே தலையாட்டிப் பொம்மையாக இருக்கவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கான குளோனிங்கை நான்காண்டுகள் நிறுத்திவைக்க வேண்டும் என்று 2002-இல் குழுவின் பெரும்பான்மையினர் பரிந்துரைத்தபோது, தக்க கட்டுப்பாடுகளோடு ஆராய்ச்சியை அனுமதிக்க வேண்டும் என்ற சிறுபான்மையினர் பக்கம் நின்றார். 2004-இல், அதே குழுவிலிருந்து நீக்கப்பட்ட எலிசபெத் பிளாக்பர்னுடன் சேர்ந்து ஓர் அறிவியல் இதழில் எழுதினார். குழுவின் அறிக்கைகள் அறிவியல் செய்திகளை முழுமையாகவும் தெளிவாகவும் எடுத்துரைக்கவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அப்போது அவருக்கு வயது 79-ஐ நெருங்கியிருந்தது. நியமித்த அரசின் கொள்கையை, அதே குழுவில் இருந்துகொண்டே, பெயரிட்டு வெளிப்படையாக மறுப்பதற்குத் துணிவு வேண்டும்.

அவர் வாதத்தை எடைபோடும்போது இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அறிக்கையில் அறிவியல் சரியாகச் சொல்லப்பட்டதா என்பது ஒரு கேள்வி. அதில் அம்மையாரின் நிலை வலுவானது. கருவுக்கு எந்த நிலையில் மனித மதிப்பு வருகிறது என்பது வேறொரு கேள்வி; அதை நுண்ணோக்கி தீர்க்காது. எதிர்த்தரப்பினரில் பலர் இரண்டாவது கேள்வியைத்தான் எழுப்பினர். அவர்களை அறிவியலுக்குப் பகைவர் என்று ஒரேயடியாக ஒதுக்குவது நியாயமாகாது. மேலும், அக்காலத்தில் குருத்தணு ஆராய்ச்சியை ஆதரித்துப் பேசியவர்களில் பலர், தீராத நோய்களெல்லாம் விரைவில் தீரும் என்ற எதிர்பார்ப்பை மக்களிடையே வளர்த்துவிட்டனர். பிலடெல்பியா குரோமோசோமிலிருந்து மாத்திரை வரச் சென்றவை 41 ஆண்டுகள் என்பதை அவர்கள் நினைவூட்டியிருக்க வேண்டும். 2009 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒபாமா அந்தத் தடையை நீக்கினார். ஆராய்ச்சி தொடர்ந்தது, வாக்களித்த வேகத்தில் மருந்துகள் வரவில்லை.

இந்த எதிர்பார்ப்பு இன்று நம் ஊரிலும் விலைபோகிறது. மூட்டுவலி முதல் மூளைவளர்ச்சிக் குறை வரை குருத்தணுவால் குணமாக்குவதாக விளம்பரங்கள் வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றுச் சிகிச்சை போன்ற நிலைபெற்ற முறைகளைத் தவிர மற்றவற்றை முறையான ஆய்வுகளில் மட்டுமே செய்யலாம் என்கின்றன. ரௌலி அம்மையாரின் கட்டுரையில் கண்ட கட்டுப்பாடு, கண்டதற்குமேல் ஓர் அடியும் எடுத்து வைக்காத கட்டுப்பாடு, இங்கே எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை வாசகர்களே உணரலாம்.

முடிவான மதிப்பீடு

அப்படியானால் மேசைக் கதையைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம். வீட்டுக் கடமைகளுக்கு நடுவிலும் ஒரு பெண் உயர்ந்த ஆராய்ச்சி செய்ய முடியும் என்பதை அக்கதை காட்டுகிறது. அது மாணவிகளுக்கு ஊக்கம் தரும். ஆனால் அந்த மேசையைத் தாங்கி நின்ற கால்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்வி ஒரு கால். நோயாளிகளோடு பழகிய ஆண்டுகள் ஒரு கால். ஆக்ஸ்ஃபோர்டில் இருமுறை மாணவியாக அமர்ந்து புதிய நுட்பம் கற்றது ஒரு கால். உடனடிப் பலனைக் கேட்காமல் இடமும் ஊதியமும் கொடுத்த ஜேக்கப்சன் நான்காவது கால்.

இந்த நான்காவது காலைப் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். 1962-இல் 37 வயதுப் பெண் ஒருவர், வாரத்தில் சில நாட்கள்தான் வருவேன் என்று சொல்லி ஆய்வறையில் இடம் கேட்டார். பத்தாண்டு வரை பெயர் சொல்லும்படி எதுவும் வெளிவரவில்லை. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணி வேலையை நீட்டிக்கும் முறை அங்கே இருந்திருந்தால், மூன்றாம் ஆண்டே நுண்ணோக்கி வேறொருவர் கைக்குப் போயிருக்கும். 35 வயதுக்கு மேற்பட்டவருக்கு உதவித்தொகை இல்லை என்ற விதி இருந்திருந்தால், தொடங்கவே முடிந்திருக்காது. குழந்தை வளர்ப்புக்காகப் படிப்பையும் ஆராய்ச்சியையும் இடையில் விட்ட பெண்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு கதவாவது திறந்திருக்கிறதா என்பதுதான், இந்த வாழ்வைப் படித்தபின் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 1973-ஆம் ஆண்டின் அந்தச் சிறு கட்டுரையை உங்கள் உயிரியல் ஆசிரியரின் உதவியோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆங்கிலம் கடினமன்று; படங்களும் உண்டு. 9-ஆம் குரோமோசோமின் ஓரத்தில் அம்மையார் கண்ட அந்தச் சிறு நீட்சியை நீங்களும் தேடிப் பாருங்கள். எளிதில் கண்ணுக்குப் படாது. அது படாமல் நீங்கள் திணறும் அந்தச் சில நிமிடங்களில், மேசைக் கதைகள் சொல்லத் தவறிய பத்தாண்டு உழைப்பின் பொருள் உங்களுக்கு விளங்கிவிடும்.